கட்டம் தாண்டிய 24 பைட்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. லேப்டாப் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படம். கீழே ஒரு வரி: "மாமா, ரெக்கார்டுல இருக்கிற ப்ரோகிராம் ஓடமாட்டேங்குது."

இன்ஜினியரிங் முதல் வருஷம், சி மொழி லேப். பெயரை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் ப்ரோகிராம். இருபது எழுத்துக்கு ஒரு அரே (வரிசையான கட்டங்கள்), பெயரை வாங்க கெட்ஸ் என்ற ஃபங்ஷன், அப்புறம் ஒரு ஃபார் லூப். இருபத்து சில வருஷங்களுக்கு முன் நானும் இதையே டர்போ சி-யின் நீலத் திரையில் அடித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, சிவப்பு மையில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எனக்கு ஓடியது. அவன் லேப்டாப்பில் இருப்பது புதிய ஜிசிசி, அதாவது நாம் எழுதும் சி-யை இயந்திர மொழியாக்கும் கம்பைலர். கெட்ஸ் என்று ஒருத்தரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டு, எஃப்கெட்ஸைச் சொல்ல வந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டு நின்றுவிட்டது.

"கெட்ஸை எடுத்துட்டு எஃப்கெட்ஸ் போடுடா" என்று அனுப்பினேன். "ஏன் மாமா?" என்று உடனே பதில் வந்தது.

அந்த 'ஏன்'னுக்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்ட என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஃபிங்கர் என்று ஒரு ப்ரோகிராம் இருந்தது. 1971-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் எழுதியது. யார் இப்போது கணினியில் உட்கார்ந்திருக்கிறார், யார் எழுந்து போய் எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதற்காக. இன்றைக்கு 'லாஸ்ட் சீன்' பார்த்துச் சண்டை போடுகிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா. கணினிகள் வலையில் இணைந்ததும் இந்த எட்டிப் பார்க்கும் வேலையும் வலைக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்றே ஃபிங்கர்டி என்று ஒரு குட்டி சர்வர். 79-ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்த எண் போட்ட கதவுக்கு, யாராவது வந்து, ஒரு பயனர் பெயரை ஒரே வரியில் அனுப்பினால், அவரைப் பற்றிய விவரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பாஸ்வேர்டு எல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தக் காலத்து இணையம் அப்படித்தான், திண்ணை வைத்த வீடு.

வருகிற வரியை வாங்கி வைக்க ஃபிங்கர்டிக்குள் 512 பைட் இடம் (ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்) ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பயனர் பெயருக்கு 512 பைட் என்பது தாராளத்திலும் தாராளம். அந்த இடத்துக்குள் வரியை வாங்கிப் போட அவர்கள் அழைத்தது கெட்ஸ். அக்கா பையன் ரெக்கார்டில் இருக்கும் அதே கெட்ஸ்.

1988 நவம்பர் 2, சாயங்காலம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவரான ராபர்ட் டப்பன் மோரிஸ், எம்ஐடி-யில் இருந்த ஒரு கணினி வழியாக ஒரு ப்ரோகிராமை அவிழ்த்துவிட்டார். அது தானாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பின்னாளில் அதற்கு 'மோரிஸ் புழு' என்று பெயர் வந்தது. புழுவிடம் பல சாவிகள் இருந்தன. மெயில் அனுப்பும் சென்ட்மெயிலில் மறந்து திறந்து வைத்திருந்த சோதனை வசதி ஒன்று. எளிதான பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்ப்பது ஒன்று. பக்கத்துக் கணினியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் வழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது இன்னொன்று. மறுநாள் காலை பெர்க்லியில் சென்ட்மெயில் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்பினார்கள். அடைத்தவர்கள் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். புழு மறுபடியும் உள்ளே வந்தது. மெயில் கதவைப் பூட்டிவிட்டோம், பிறகு எப்படி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியபோதுதான், யாருமே சந்தேகப்படாத அந்தக் குட்டி ஃபிங்கர்டி அகப்பட்டது.

புழு ஃபிங்கர்டிக்கு அனுப்பிய 'பெயர்' 536 பைட் நீளம். இடம் 512. மிச்சம் 24 பைட் எங்கே போயிற்று?

இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது, அப்பாவோடு வங்கிக்குப் போன நாட்கள் ஞாபகம் வந்தன. அப்பாவின் பெயர் நீளம். ஊர் இனிஷியல், தாத்தா இனிஷியல் எல்லாம் சேர்த்தால் எந்தப் படிவத்திலும் கட்டம் போதாது. பெயருக்கு 20 கட்டம் போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்தாற்போல் கெட்டிக் கோட்டுக்குள் 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு பகுதி. அப்பா இருபதாவது கட்டத்தில் நிறுத்திக்கொண்டு பெருமூச்சு விடுவார். அவருக்குக் கண் இருந்தது, நிறுத்தினார்.

கெட்ஸுக்குக் கண் இல்லை. அதை அழைக்கும்போது எந்தக் கட்டத்திலிருந்து எழுத ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். எத்தனை கட்டம் இருக்கிறது என்று சொல்வதற்கு அந்த ஃபங்ஷனில் இடமே வைக்கவில்லை. நீங்களாக விரும்பினாலும் சொல்ல முடியாது. வரி முடியும் வரை, அதாவது எதிர்முனையில் இருப்பவர் என்டர் தட்டும் வரை, அது எழுதிக்கொண்டே போகும். கெட்டிக் கோட்டைத் தாண்டி, அலுவலகப் பகுதிக்குள்ளும் எழுதும். நாளைக்கு அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும் குமாஸ்தாவுக்கு, அங்கே இருப்பது மேலதிகாரி எழுதிய குறிப்பா, வாடிக்கையாளர் பெயரின் வாலா என்று தெரியாது. அந்தப் பகுதியில் என்ன இருக்கிறதோ அதன்படி செய்வார்.

கணினியின் நினைவகத்தில் அந்த அலுவலகப் பகுதியில் இருப்பது 'திரும்பும் முகவரி'. ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஸ்டாக் என்ற அடுக்கில் குறித்துவைப்பார்கள். அந்த ஃபங்ஷன் தற்காலிகமாகப் பயன்படுத்தும் இடங்களும் அதே அடுக்கில்தான். அடுக்கு மேலிருந்து கீழாக வளர்கிறது. அரேயில் எழுதுவதோ கீழிருந்து மேலாக. ஆகவே அரே நிரம்பி வழிந்தால் வழிவது நேராகத் திரும்பும் முகவரி இருக்கும் பக்கம்தான். வெளியாள் கொடுக்கிற சரக்கையும், எங்கே போக வேண்டும் என்ற உத்தரவையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இதைப் பற்றி நிதானமாக யோசித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

மோரிஸின் அந்த 24 பைட்டுக்குள் ஒரு புதிய திரும்பும் முகவரி இருந்தது. அது காட்டிய இடம் முந்தைய 512 பைட்டுக்குள்ளேயே, அதாவது அவரே அனுப்பிய 'பெயருக்குள்ளேயே'. அந்தப் பெயரில் பெயர் எதுவும் இல்லை. முதலில் 400 பைட் ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ என்ற கட்டளைகள். முகவரியைத் துல்லியமாகக் கணிக்க முடியாவிட்டாலும் இந்த 400-இல் எங்காவது விழுந்தால் போதும், அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரும். அங்கே சில வரி இயந்திர மொழி: ஷெல்லின் (கட்டளைகளை வாங்கிச் செய்யும் ப்ரோகிராம்) பாதையை அடுக்கில் தள்ளு, இயங்குதளத்திடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்களில் 59-ஆம் எண்ணை அழை. 59 என்றால் இந்த ப்ரோகிராமை விட்டுவிட்டு அந்த ப்ரோகிராமாக மாறு என்று அர்த்தம். பயனர் விவரம் சொல்ல வந்த ஃபிங்கர்டி, வேலை முடிந்து திரும்பப் போன நொடியில் ஷெல்லாக மாறி, மறுமுனையில் இருந்த புழுவிடம் கட்டளை கேட்டு நின்றது. (இன்றைய 64-பிட் இன்டெல் லினக்ஸிலும் அந்த வேலைக்கு எண் 59 தான். முதல் தடவை கவனித்தபோது சிரிப்பு வந்தது.)

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. மோரிஸ் எழுதியது வாக்ஸ் கணினிகளுக்கான இயந்திர மொழி. அதே வரியை சன் கணினியின் ஃபிங்கர்டிக்கு அனுப்பினால், முகவரியும் பொருந்தாது, மொழியும் புரியாது. ஃபிங்கர்டி நொறுங்கி, சாகும் நேரத்து நினைவகத்தின் நகலான ஒரு கோர் ஃபைலைப் போட்டுவிட்டு விழும், அவ்வளவுதான். ஒரே ஓட்டை, ஒரு வீட்டில் திருட்டு, அடுத்த வீட்டில் வெறும் சத்தம். 'சர்வர் அடிக்கடி விழுகிறது, திரும்ப ஏற்றிவிட்டேன்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தச் சன் கணினிகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். விழுவது என்பது பல நேரம், முகவரி சரியாக அமையாத தாக்குதல்.

மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியில் ஏற்கெனவே புழு இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஒரு சோதனை வைத்திருந்தார். அதை ஏமாற்றப் போலியாக 'நான் இருக்கிறேன்' என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று, ஏழில் ஒரு தடவை எது எப்படியானாலும் தங்கிவிடச் சொல்லியிருந்தார். அந்த ஏழில் ஒன்று மிக அதிகம். கணினிகளில் புழுக்கள் குவிந்து, திணறி, நின்றே போயின. 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். அது எண்ணிப் பார்த்த கணக்கில்லை, ஊகம். 1986-இல் வந்த கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் நடுவர் குழு 1990-இல் மோரிஸைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அவருடைய அப்பா அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பைக் கவனித்தவர் என்பதைப் பத்திரிகைகள் விடுமா? மகன் பிறகு, ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் போடும் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், எம்ஐடி-யில் பேராசிரியரும் ஆனார். கார்னகி மெல்லனில் செர்ட் என்ற அவசர உதவி மையம் பிறந்ததும் இந்தச் சம்பவத்தால்தான்.

எல்லோரும் அந்தப் பையன் மோரிஸைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு அந்தப் பையனைவிட கெட்ஸை அழைத்த அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஃபிங்கர்டியை எழுதியவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை, பெர்க்லிக்காரர்கள். 512 போட்டாயிற்று, பெயர் அதைத் தாண்டாது என்று நினைத்திருப்பார்கள். பெயர் தாண்டாதுதான். ஆனால் கதவு தட்டுகிறவன் பெயர்தான் சொல்வான் என்று யார் சொன்னது?

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், நானும் அதே தப்பைச் செய்தவன் என்பதுதான்.

2005 வாக்கில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. லாரிகளில் ஜிபிஎஸ் பெட்டி பொருத்தி, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குக் காட்டுவோம். பெட்டிகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்கள் சர்வருக்கு ஒரு வரி அனுப்பும்: பெட்டி எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், கடைசியில் வண்டிக்கு வைத்த பெயர். அந்த சர்வரை சி-யில் எழுதியவன் நான். வண்டிப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கி, வந்ததை அப்படியே ஸ்டர்காப்பி போட்டிருந்தேன். ஸ்டர்காப்பி என்பது கெட்ஸின் உடன்பிறப்பு. அதற்கும் 'எத்தனை' என்ற கேள்வி கிடையாது.

ஒரு வாரம் தினமும் விடியற்காலை நாலரை வாக்கில் சர்வர் விழுந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, விழுந்திருந்தால் தூக்கி நிறுத்த ஒரு க்ரான் போட்டுவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அப்புறம் நாலே முக்காலுக்கும் விழுந்தது, நாலு ஐம்பதுக்கும் விழுந்தது. வேறு வழியில்லாமல் கோர் ஃபைலை, பிழை தேடும் கருவியான ஜிடிபி-யில் திறந்தேன். ப்ரோகிராம் கடைசியாகத் தாவப் பார்த்த முகவரி, பதினாறடிமான எண்ணில், 37353432.

எங்கள் ப்ரோகிராமில் அந்தப் பக்கம் எதுவுமே கிடையாது. ரொம்ப நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லாமே 3-இல் ஆரம்பிக்கும் ஜோடிகள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கியில் 32 என்றால் '2', 34 என்றால் '4', 35 என்றால் '5', 37 என்றால் '7'. இன்டெல் சிப் பின்னாலிருந்து முன்னால் அடுக்கும். திருப்பிப் படித்தால் 2457.

அது ஒரு லாரியின் நம்பர் பிளேட்.

முதலாளி புதிதாக வாங்கிய வண்டிக்குப் பெயர் வைக்கும்போது, டிரான்ஸ்போர்ட்டின் முழுப் பெயர், குலதெய்வம் பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். டிரைவர் நாலரைக்கு இன்ஜினைப் போடுவார், பெட்டி உயிர்பெறும், வரி வரும், குலதெய்வம் 32 பைட்டைத் தாண்டும், நம்பர் பிளேட் திரும்பும் முகவரியில் போய் உட்காரும். நான் எழுதிய ப்ரோகிராம் 2457 என்ற ஊருக்குப் போகக் கிளம்பி, அப்படி ஓர் ஊர் இல்லாததால் செத்துப்போனது. அன்றைக்குத்தான் மோரிஸ் புழு எனக்குக் கதையாக இல்லாமல் ஆனது. அந்தப் போர்ட் இணையத்தில் திறந்து கிடந்தது. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருத்தன் நிஜமான ஒரு முகவரியை வைத்திருந்தால், சர்வர் விழுந்திருக்காது. நன்றாகவே ஓடியிருக்கும், அவனுக்காக.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த முதல் திருத்தம் 32-ஐ 256 ஆக்கியது. இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். கூட வேலை பார்த்த சீனியர் அண்ணன் திரையை எட்டிப் பார்த்து, "சரி தம்பி, 257 அனுப்பினா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, டீ சாப்பிடப் போய்விட்டார்.

2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவும் இந்த ரகம்தான். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர், 1434-ஆம் போர்ட்டில் வந்த ஒரு பெயரை நீளம் பார்க்காமல் அடுக்கில் வாங்கிக்கொண்டது. மொத்தப் புழுவே 376 பைட், வலையில் போகும் ஒரே ஒரு யுடிபி பாக்கெட். நான் இதுவரை எழுதியிருப்பதில் ஒரு சின்னப் பத்தியைவிடக் குறைவு. ஆரம்பத்தில் எட்டரை நொடிக்கு ஒரு தடவை இரட்டிப்பானது. பத்தே நிமிஷத்தில், தாக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைத் தொட்டுவிட்டது. அமெரிக்காவில் ஏடிஎம்கள் நின்றன. இத்தனைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. ஆறு மாசம் பலர் போடவில்லை. போடாதவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, க்ரான் போட்டவன் நான்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. 1998-இல் வந்த ஸ்டாக்கார்ட் என்ற ஏற்பாடு, திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் குருவியின் பெயர்தான் அதற்கும், கேனரி. வழிந்து வருகிற எதுவும் முதலில் குருவியைக் கொல்லும், ப்ரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அடுக்கில் கிடக்கும் தரவைக் கட்டளையாக ஓடவிடாமல் சிப்பே தடுக்கிறது. முகவரிகளை ஒவ்வொரு தடவையும் கலைத்துப் போடுகிறார்கள். எல்லாமே நல்ல காவல்தான். ஆனால் நீளத்தைக் கேட்காத கோட் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. வலைத் தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்-இல் 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இதற்கு எதிர்த்திசை: தாண்டி எழுதவில்லை, தாண்டிப் படித்தது. எதிரில் இருப்பவன் 'நான் அனுப்பியது இவ்வளவு நீளம்' என்று சொன்னதை நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை பக்கத்து நினைவகத்தை அள்ளிக் கொடுத்தது. அங்கே குருவி ஒன்றும் செய்ய முடியாது. யாரும் கோட்டைத் தாண்டி எழுதவே இல்லையே.

கெட்ஸை சி மொழியின் தரத்திலிருந்தே தூக்கியது 2011-இல். ஃபிங்கர்டி அகப்பட்டு 23 ஆண்டு கழித்து. அதற்குள் எத்தனை ரெக்கார்டு நோட்டு எழுதியிருப்போம்! எங்கள் காலேஜில் பெயர் கேட்கும் ப்ரோகிராமுக்கு எல்லோரும் 'ராஜா' என்றுதான் அடிப்போம். அவுட்புட்டிலும் ராஜாதான். இருபதுக்கு மேல் எழுத்து உள்ள பெயரை யாராவது அடித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வகுப்பிலேயே அப்படிப் பெயர் உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் ராஜா என்றுதான் அடித்தார்கள்.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி, மறுநாள் போனில் அக்கா பையனிடம் சொன்னேன். லாரிக் கதை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எஃப்கெட்ஸ் எழுதினால் இருபது என்ற எண்ணையும் கூடவே கொடுக்க வேண்டும், அது பத்தொன்பது எழுத்தோடு நிறுத்திக்கொண்டு கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போடும் என்பதையும் சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. ரெக்கார்டில் கெட்ஸ் என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டான். போன வருஷ ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறதாம், மாற்றினால் கேள்வி கேட்பார்களாம். லேப்டாப்பில் மட்டும் எஃப்கெட்ஸ். அங்கே தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு அடித்துப் பார்த்திருக்கிறான். பத்தொன்பதோடு வெட்டிவிட்டது, ப்ரோகிராம் விழவில்லை. அதற்குப் பிறகு ராஜா என்று அடித்திருக்கிறான். கூடவே இன்னொரு சாய்வான போட்டோ.

"மாமா, ராஜான்னு போட்டா மட்டும் தலைகீழா வர்றதுக்கு முன்னாடி ஒரு காலி லைன் விழுது. அது எங்கேர்ந்து வருது?"